சங்கிலி இருக்கிறது, எதில் கட்டுவது?

ராத்திரி பதினொன்றரை மணி. தாணே வாக்ளே எஸ்டேட் பக்கம் இரண்டு பைக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. முன்னால் போகும் வண்டியில் எஞ்சின் சத்தம் இல்லை, விளக்கும் எரியவில்லை. பின்னால் வருகிறவன் ஒரு காலை நீட்டி, முன்வண்டியின் ஃபுட்ரெஸ்டில் வைத்து உந்திக்கொண்டே வருகிறான். பெட்ரோல் தீர்ந்துபோன நண்பனை பம்ப் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறான் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் டூ வீலர் திருட்டில் பழகிய கை, இருட்டில் ஒயரைத் தேடிக்கொண்டு நிற்பதில்லை. ஹேண்டில் லாக்கை ஒடித்துவிட்டு இப்படித் தள்ளிக்கொண்டே போய்விடுகிறது. மீதி வேலையை வேறொரு இடத்தில் நிதானமாக முடித்துக்கொள்ளும்.

பூட்டு வாங்கப் போகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். வண்டியை ஸ்டார்ட் செய்ய முடியாமல் தடுப்பது ஒரு வேலை; சக்கரம் உருளாமல் தடுப்பது இன்னொரு வேலை; வண்டியை அலேக்காகத் தூக்கிப் போகாமல் தடுப்பது மூன்றாவது வேலை. கம்பெனி கொடுக்கும் சாவி முதல் வேலையைத்தான் பார்க்கிறது. ஹேண்டில் லாக் என்பது ஸ்டீயரிங் தண்டில் போய் உட்காரும் ஒரு சிறு ஊசி. ஹேண்டில்பாரோ இரண்டடிக்கு மேல் நீளமான நெம்புகோல். ஓர் ஆள் ஏறி உட்கார்ந்து வலுவாக ஓர் உதை விட்டால் அந்த ஊசி தாங்காது.

இக்னிஷன் சாவியும் பழசாகப் பழசாகத் தேய்கிறது. உள்ளே இருக்கும் தகடுகள் மழுங்கிப்போன வண்டியில் வேறொரு சாவியை நுழைத்து ஆட்டினாலே திறந்துகொள்வதை மெக்கானிக்குகள் தினமும் பார்க்கிறார்கள். 1994-ல் வந்த ஸ்பிளெண்டர் இன்றும் நாடெங்கும் ஓடுகிறது. அதன் பாகங்களுக்கு எந்த ஊரிலும் கிராக்கி உண்டு. எடை 112 கிலோ. இரண்டு பேர் சேர்ந்தால், மும்பைக்காரர்கள் ‘சோட்டா ஹாத்தி’ என்று சொல்லும் குட்டி டெம்போவில் ஏற்றிவிடலாம். விலை உயர்ந்த பைக்கைத்தான் திருடுவார்கள் என்று நம்பி, பழைய வண்டிக்குப் பூட்டே போடாமல் விடுகிறவர்கள் அதிகம். உண்மையில் சீக்கிரம் விலைபோவது எல்லாரிடமும் இருக்கும் வண்டியின் பாகங்கள்தான்.

இதில் அடிபடுகிறவர்கள் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். தாராவி, செம்பூர், ஆண்டாப் ஹில் என்று இருந்த தமிழ்க் குடும்பங்களில் பல, வாடகை தாங்காமலும் சொந்த வீடு தேடியும் தாணே, கல்வா, டோம்பிவிலி என்று நகர்ந்தவை. வேலை இன்னும் பழைய இடத்தில்தான். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு பைக், அங்கிருந்து லோக்கல். சாப்பாடு டெலிவரி செய்யும் பையனுக்கும், கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்க்கிறவருக்கும், விடியுமுன் இட்லி கொண்டுபோய்ப் போடுகிறவருக்கும் வண்டிதான் கடை. அது போனால் மறுநாள் வருமானமும் போகிறது. இ.எம்.ஐ. மட்டும் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும்.

பகலுக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று

1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து கிளம்பிய நாட்டின் முதல் பயணிகள் ரயில் வந்து நின்ற ஊர் தாணே. இன்றும் இந்த ஊரின் காலை ஸ்டேஷனை நோக்கித்தான் ஓடுகிறது. அதனால் இங்கே ஒரு பைக்குக்கு இரண்டு வாசம்: பகலெல்லாம் ஸ்டேஷன் ஓரம், ராத்திரியெல்லாம் சால் எனும் வரிசைக் குடியிருப்பின் வாசலிலோ சொசைட்டி காம்பவுண்டிலோ கல்லி எனும் சந்திலோ. இரண்டுக்கும் ஒரே பூட்டு போதும் என்று நினைப்பதுதான் காசு வீணாகும் இடம்.

உருப்படியான செயின் கனமாக இருக்கும். 16 எம்.எம். கனமுள்ள கடினப்படுத்திய சங்கிலி ஒரு மீட்டருக்கே ஐந்து கிலோவைத் தாண்டும். அதைத் தினமும் தோளில் மாட்டிக்கொண்டு லோக்கலில் ஏற முடியாது. அது வீட்டு வாசலிலேயே, கட்டும் இடத்திலேயே கிடக்க வேண்டிய பொருள். பகலுக்கு, பிரேக் டிஸ்க்கின் துளையில் மாட்டும் டிஸ்க் லாக் போதும். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் சக்கரம் உருளாமல் இருந்தால், தள்ளிக்கொண்டு போகிற வித்தை அங்கேயே நின்றுவிடும்.

டிஸ்க் லாக்கில் இரண்டு சங்கதிகள். உங்கள் வண்டி டிரம் பிரேக் என்றால் அதை மாட்ட இடமே கிடையாது. கடைக்காரர் கேட்க மாட்டார், நீங்கள்தான் பார்த்து வாங்க வேண்டும். அடுத்தது மறதி. பூட்டு மாட்டியிருப்பதை மறந்து வண்டியை எடுத்தால், சக்கரம் அரைச் சுற்றில் இறுகி ஆளைக் கீழே தள்ளும், காலிப்பரும் உடையும். அதற்காகவே சுருள் ஒயர் ஒன்று கூடவே விற்கிறார்கள். ஒரு முனை டிஸ்க் லாக்கில், மறுமுனை ஆக்ஸிலரேட்டர் கைப்பிடியில். வாங்கியவர்கள் பலர் அதை டிக்கியிலேயே போட்டுவைத்திருக்கிறார்கள். தயவுசெய்து மாட்டுங்கள்.

அலாரம் வைத்த டிஸ்க் லாக் நல்ல பொருள்தான். ஆனால் தாணே மழை நாலு மாதம் அடிக்கும். உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி ஈரத்தில் செத்துப்போகும். ஜூனில் ஒரு தடவை மாற்றிவிடுவது நல்லது. ஆக்ஸிலரேட்டரையும் பிரேக் லீவரையும் சேர்த்துப் பிடிக்கும் கிரிப் லாக் தூரத்திலிருந்தே கண்ணில் படும். அந்த அளவுக்கு உபயோகம். அதை மட்டும் நம்பி ராத்திரி தெருவில் விட வேண்டாம்.

அதிகச் செலவில்லாமல் பலன் தருவது ஒளித்துவைத்த சுவிட்ச். சீட்டுக்கு அடியிலோ பக்கத்து மூடிக்குள்ளோ ஒரு சின்ன சுவிட்சை வைத்து இக்னிஷனைத் துண்டித்துவிடும் வேலையை எந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியனும் செய்வார். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் எலெக்ட்ரானிக்ஸ் அதிகம். வாரண்டி இருக்கும்வரை ஒயரில் கை வைக்காமல் இருப்பதே நல்லது. 2023-ல் வந்த ஆக்டிவா எச்-ஸ்மார்ட் போன்ற ஸ்கூட்டர்களில், உரிய ரிமோட் சாவி இல்லாமல் எஞ்சின் கிளம்பாது. அதிலும் சக்கரம் உருளத்தான் செய்யும் என்பதை மறக்க வேண்டாம்.

அரம் சொல்லும் உண்மை

செயின் வாங்கும்போது மேலே போட்டிருக்கும் துணி உறையைப் பார்த்து ஏமாறுகிறோம். ‘ஹெவி டியூட்டி’ என்று அச்சடித்த உறையை ஒதுக்கிப் பார்த்தால், உள்ளே நாய்ச்சங்கிலியைவிடக் கொஞ்சம் தடித்த கம்பி இருக்கும். நம்பர் லாக்கோடு வரும் பிளாஸ்டிக் உறை போட்ட ஒயர் இன்னும் மோசம். அது மெல்லிய இழைகளின் முறுக்கு. நல்ல கட்டர் அதை ஒரு கடியில் முடித்துவிடும். ஹெல்மெட்டைக் கட்டிவைக்க அது சரி. வண்டிக்கு வேண்டாம்.

ஹார்டுவேர் கடைக்குப் போகும்போது சின்ன அரம் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, செயின் கண்ணியில் ஓர் ஓரத்தில் இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். சாதா இரும்பு என்றால் அரம் ‘கரக்’கென்று கவ்வும், வெள்ளிக்கோடு விழும், விரலில் பொடி ஒட்டும். கடினப்படுத்திய எஃகு என்றால் அரம் வழுக்கிக்கொண்டு போகும். மேலே பூசிய முலாம் மட்டும் லேசாகத் தேயும். நல்ல சங்கிலியில் மேல்தோல் மட்டுமே கண்ணாடிபோல் கடினம், உள்ளே எஃகு வளைந்துகொடுக்கும். முழுக்கவும் கடினமாக்கினால் சுத்தியல் அடியில் நொறுங்கும். முழுக்கவும் மென்மையாக விட்டால் கட்டர் இறங்கும்.

கனத்தையும் அளந்து பாருங்கள். மூன்றடிக் கட்டரை வைத்துக்கொண்டு ஓர் ஆள் தம் பிடித்தால் மெல்லிய செயின் எதுவும் நிற்காது. கடினப்படுத்திய 12, 13 எம்.எம். கண்ணி அவனை வியர்க்கவைக்கும். 16 எம்.எம்.மில் கைக்கட்டர் தோற்றுப்போகும். உருண்டைக் கண்ணியைவிடச் சதுரமும் அறுகோணமும் கட்டரின் வாய்க்குச் சிரமம். கண்ணியின் துளை சின்னதாக இருக்க வேண்டும். பெரிய துளைக்குள் கடப்பாரை நுழைந்தால் முறுக்கியே தெறிக்கவைத்துவிடுவான்.

பேட்டரியில் ஓடும் ஆங்கிள் கிரைண்டர் வந்த பிறகு, அறுபடாத செயின் என்று ஒன்று கிடையாது. தடித்த கண்ணியைக்கூட ஒன்றிரண்டு நிமிஷத்தில் அது அறுத்துவிடும். பிரிட்டனில் லைட்லாக், ஹிப்லாக் போன்ற கம்பெனிகள் கிரைண்டர் தட்டையே தேய்த்துத் தின்னும் கலவை பூசிய பூட்டுகளை விற்கின்றன. நம் டூ வீலர்காரரின் பட்ஜெட்டுக்கு அவை எட்டாது. ஆனால் கிரைண்டர் சத்தம் போடும், பொறி பறக்கும். நெருக்கமாக ஆட்கள் தூங்கும் சாலில் ராத்திரி இரண்டு மணிக்கு அந்தச் சத்தத்தோடு இரண்டு நிமிஷம் நிற்கத் துணிகிறவன் குறைவு. கட்டருக்கு அடங்காத செயினை வாங்குங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம். சத்தமில்லாத வழியை அடைத்துவிட்டால் பாதித் திருட்டு நின்றுபோகும்.

செயினோடு சேரும் பூட்டும் அதே கனத்தில் இருக்க வேண்டும். 14 எம்.எம். சங்கிலியில் 8 எம்.எம். வளையம் உள்ள பூட்டைத் தொங்கவிட்டால் திருடன் சங்கிலியைத் தொடவே மாட்டான். வளையம் வெளியே அதிகம் தெரியாதபடி தோள் உயர்ந்த, குட்டை வளையப் பூட்டாகப் பாருங்கள். 1992-ல் பிரிட்டனில் போலீஸ் முயற்சியில் தொடங்கிய ‘சோல்ட் செக்யூர்’ என்ற அமைப்பு, பூட்டுகளைத் திருடர்களின் கருவிகளாலேயே உடைத்துப் பார்த்து வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் கொடுக்கிறது. நெதர்லாந்தில் ‘ஆர்ட்’ அமைப்பு நட்சத்திரம் கொடுக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு நாலு நட்சத்திரம் வேண்டும். இறக்குமதிச் செயின் வாங்குகிறவர்கள் இந்த முத்திரைகளைத் தேடலாம். நம் கடைகளில் தொங்கும் பெரும்பாலானவற்றில் எந்த முத்திரையும் இல்லை என்பதால்தான் அரத்தை நம்பச் சொல்கிறேன்.

பூட்டு நமக்குப் புதிதல்ல. திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டைத் தாத்தா வீட்டுக் கதவில் பார்த்தவர்கள் நாம். கையால் அறுத்து, கையால் சாவி வெட்டிச் செய்த அந்தப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது; மலிவு அலிகார் பூட்டோடு போட்டிபோட்டுத் தொழில் மெலிந்த பிறகு கிடைத்த மரியாதை. தாணேயிலிருந்து லோக்கலில் கொஞ்ச தூரத்தில் இருக்கும் விக்ரோளி, கோத்ரெஜ் ஆலையின் ஊர். அந்தக் கம்பெனியைத் தொடங்கிய அர்தேஷிர் கோத்ரெஜ் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு, 1897-ல் லால்பாக்கில் ஒரு கொட்டகையில் முதலில் செய்த பொருள் பூட்டுதான். பம்பாயில் வீடு புகுந்து திருடுவது பெருகிய செய்தியைப் படித்துத்தான் அந்த யோசனை பிறந்ததாகச் சொல்வார்கள். ஆனால் இவையெல்லாம் கதவுக்காகப் பிறந்த பூட்டுகள். கதவுக்குச் சுவர் உண்டு, நிலை உண்டு. தெருவில் நிற்கும் பைக்குக்கு அது இல்லை. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கட்டும் இடம்

ஐந்து கிலோ செயினைப் பின்சக்கரத்தில் சுற்றிப் பூட்டிவிட்டு, வண்டியைத் தனியாக நிறுத்திவைத்தால் டெம்போ வந்து செயினோடு சேர்த்து ஏற்றிப் போகும். அசையாத ஒன்றோடு கட்ட வேண்டும். தாணேயில் ஒரு கல்லியைச் சுற்றிப் பாருங்கள், மக்கள் எதிலெல்லாம் கட்டுகிறார்கள் என்று. சுவரோரம் மேலே ஏறும் மஞ்சள் கேஸ் குழாயில் கட்டுகிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். யாராவது நெம்பினால் வண்டியோடு கட்டிடமே ஆபத்தில் சிக்கும். விளக்குக் கம்பத்தில் கட்டுகிறார்கள். மழையில் கம்பத்தில் மின்சாரம் கசிந்து உயிர் போன சம்பவங்கள் நமக்குத் தெரியும். பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயில் கட்டுவது கட்டாமல் விடுவதற்குச் சமம். ‘நோ பார்க்கிங்’ பலகையின் கம்பம் பாதி இடங்களில் கையோடு வந்துவிடும்.

தரைத்தளத்து ஜன்னல் கிரில் பரவாயில்லை, அது சுவருக்குள் பதிந்திருந்தால். திருகாணி போட்டு மாட்டிய கிரில் என்றால் நாலு திருகுதான். பக்கத்து வீட்டுக்காரரும் ஒத்துக்கொண்டால் இரண்டு பைக்குகளை எதிரெதிர்த் திசையில் நிறுத்தி ஒரே செயினில் கட்டலாம். இருநூறு கிலோவுக்கு மேல் எடை, இரண்டு ஹேண்டில், தள்ளவும் முடியாது, தூக்கவும் முடியாது. காலையில் யார் முதலில் கிளம்புவது என்பதை மட்டும் பேசிக்கொள்ள வேண்டும், சாவியும் இரண்டு பேரிடமும் இருக்க வேண்டும்.

செயினை எங்கே நுழைப்பது என்பதும் முக்கியம். முன்சக்கரத்தைக் கழற்றுவது எளிது, அதனால் பின்சக்கரத்தோடு சேர்த்து ஃபிரேமிலோ ஸ்விங் ஆர்மிலோ மாட்டுங்கள். ஸ்கூட்டரில் ஃபிரேம் பிளாஸ்டிக்குக்குள் மறைந்திருக்கும், சக்கரத் துளையும் சின்னது. வாங்குமுன் அந்தத் துளையின் அளவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பின்சீட்டுக் கைப்பிடியில் கட்டாதீர்கள், அது போல்ட்டில்தான் நிற்கிறது. செயின் தரையில் கிடக்கக் கூடாது. தரையில் கிடந்தால் திருடன் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, மறு கைப்பிடியில் உடம்பு எடை முழுவதையும் போட்டு அமுக்குவான்; சுத்தியலால் அடிக்கவும் தரையே பட்டறைக்கல் ஆகிவிடும். இழுத்துக் கட்டி, பூட்டு அந்தரத்தில் நிற்கும்படி, சாவித் துவாரம் கீழ்நோக்கி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் துணி உறை தண்ணீரைக் குடித்து உள்ளுக்குள்ளேயே துருவை வளர்க்கும். வாரம் ஒரு தடவை ஒதுக்கிக் காயவிடுங்கள். துவாரத்தில் பழைய எஞ்சின் ஆயில் விட வேண்டாம், தூசி ஒட்டிக் கெட்டியாகிவிடும். கிராஃபைட் பொடி போதும்.

எல்லாவற்றையும்விட நல்லது தரையில் பதித்த வளையம். 20 எம்.எம். டி.எம்.டி. கம்பியை ‘யு’ வடிவில் வளைத்து, இரண்டு கால்களையும் வெளிப்பக்கம் மடக்கி, கான்கிரீட்டில் ஓரடி ஆழம் புதைத்தால் போதும். வாக்ளே எஸ்டேட்டின் எந்த வெல்டிங் பட்டறையும் இதை வளைத்துக் கொடுத்துவிடும். ஒரு வளையத்தில் இரண்டு வண்டி நிற்கும். தனித்தனியாக ஆயிரக்கணக்கில் பூட்டுக்குச் செலவழிக்கும் ஒரு கட்டிடம் முழுவதும் சேர்ந்து இதற்குச் செய்ய வேண்டிய செலவு அற்பம்.

போன பிறகு

காலையில் வண்டியைக் காணோம் என்றால், போக்குவரத்துப் போலீஸ் தூக்கிப் போயிருக்கிறதா என்பதை முதலில் விசாரியுங்கள். இல்லை என்றால் அன்றைக்கே எஃப்.ஐ.ஆர். ரயில்வே ஸ்டேஷன் காம்பவுண்டுக்குள் என்றால் ரயில்வே போலீஸ், வெளியே என்றால் ஊர்ப் போலீஸ் என்று எல்லைப் பேச்சு வரும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். என்னும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும். இதைப் பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள்.

அதிகம் பேர் விழும் குழி இன்ஷூரன்ஸ். 2018 செப்டம்பர் முதல் புது டூ வீலருக்கு ஐந்து வருஷத் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் சேர்த்தே வருகிறது. திருட்டுக்குப் பணம் கொடுக்கும் ‘ஓன் டேமேஜ்’ பகுதி பெரும்பாலும் முதல் வருஷத்தோடு முடிந்துவிடும். போலீஸ் நிறுத்திக் கேட்டால் பேப்பர் செல்லும், அபராதம் இல்லை. அதனால் இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருப்போம். வண்டி போன அன்றுதான் ஒரு பைசா கிடைக்காது என்று தெரியவரும். இன்றைக்கே பாலிசியை எடுத்துப் பாருங்கள். தனி ஓன் டேமேஜ் பாலிசி எடுக்க முடியும். கிடைக்கும் தொகையும் வண்டி வயதோடு குறையும்: நாலு வருஷம் தாண்டி ஐந்துக்குள் இருக்கும் வண்டிக்குப் பாதி மதிப்புதான்.

க்ளெய்முக்கு இரண்டு ஒரிஜினல் சாவிகளையும் கேட்பார்கள். ஒன்று தொலைந்திருந்தால் கேள்விமேல் கேள்வி. வண்டி கிடைக்கவில்லை என்று மகாராஷ்டிரப் போலீஸ் கொடுக்கும் அறிக்கைக்கு இங்கே ‘ஏ சம்மரி’ என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வேலை சீக்கிரம் நடக்கும். புகார் உடனே கொடுத்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டி க்ளெய்மைத் தள்ளக் கூடாது என்று 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது.

‘பே அண்ட் பார்க்’கில் ‘உரிமையாளர் பொறுப்பு’ என்ற பலகை தொங்கும். 1998-ல் டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலில் வாலே பார்க்கிங்கில் கொடுத்த கார் திருடுபோன வழக்கில், சாவியை வாங்கிக்கொண்ட ஹோட்டல் அப்படி ஒரு வாசகத்தைக் காட்டித் தன் அலட்சியத்திலிருந்து தப்ப முடியாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சாவி உங்கள் பையில் இருக்கும் ஸ்டேஷன் பார்க்கிங்கில் அந்த வாதம் அவ்வளவு வலுவாக நிற்காது. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், டிஸ்க் லாக்கையும் போடுங்கள்.

வண்டி கிடைத்துவிட்டால், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்க விடாதீர்கள். கைப்பற்றிய வாகனங்களை நீண்ட நாள் ஸ்டேஷனில் போட்டுவைப்பதில் அர்த்தமில்லை என்று சுப்ரீம் கோர்ட் 2002-லேயே சொல்லிவிட்டது. மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டால் பாண்டு எழுதி வாங்கிக்கொண்டு விடுவிப்பார்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் (என்.சி.ஆர்.பி.) ‘வாகன் சமன்வய்’ தளத்தில் எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். திருட்டு வண்டியை வாங்க ஆள் இருக்கும்வரைதான் திருட ஆள் இருப்பான்.

மறுபடி அந்தத் தரை வளையத்துக்கு வருகிறேன். வாட்ச்மேன் சம்பளத்துக்கும் லிஃப்டுக்கும் மணிக்கணக்கில் பேசும் நம் சொசைட்டிகள், கார் பார்க்கிங்குக்குக் கோடு போட்டுக் கொடுக்கின்றன. டூ வீலருக்கு ஒரு மூலையைக் காட்டுகின்றன. குடிசைவாசிகளுக்கு மாற்று வீடாகக் கட்டிய எஸ்.ஆர்.ஏ. கட்டிடங்களில் அந்த மூலையும் கிடையாது, நூற்றுக்கணக்கான வண்டிகள் தெருவில் நிற்கின்றன. அங்கே வளையம் பதிக்க மாநகராட்சி முன்வர வேண்டும். வார்டு ஆபீஸில் நாம் கேட்டால்தான் வருவார்கள். சொசைட்டி என்றால் நம் கையிலேயே இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் ஹவுசிங் சொசைட்டிகள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை செப்டம்பர் 30-க்குள் நடத்தியாக வேண்டும். அதற்குமுன் செயலாளரிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, ‘டூ வீலர் நிறுத்துமிடத்தில் இரண்டு வண்டிக்கு ஒன்றாகத் தரை வளையம் பதிப்பது’ என்று அஜெண்டாவில் சேர்க்கச் சொல்லுங்கள். கடிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டத்துக்குப் போகும்போது வெல்டிங் பட்டறையில் எழுதி வாங்கிய கொட்டேஷனும் கையில் இருக்கட்டும்.